மூன்று நிமிடமும் ஒரு பொன்னாடையும்

செவ்வாய், மாலை ஏழு பத்து. அமெரிக்காவில், சான் ரமோனிலிருந்து சற்றுத் தள்ளிய ஒரு சிறு நகரத்தின் நகர்மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நண்பரின் மகள் மீனா அழைத்து வந்திருக்கிறாள். அவள் குழந்தை படிக்கும் பள்ளி முன்னால் சிக்னல் வைப்பதா என்று இன்று முடிவாகிறது. போன வாரம் அங்கே ஒரு கார் குழந்தையின் பையை உரசிக்கொண்டு போயிருக்கிறது.

இங்கே யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிக் கொடுத்து மூன்று நிமிடம் பேசலாம். நம்மவர் பதினான்கு பேர் வந்திருக்கிறார்கள். சீட்டு கொடுத்தவர் தமிழ்ச் சங்கத் தலைவர் சிவநேசன் மட்டும். தலைவர் இருக்கும்போது மற்றவர் பேசுவது மரியாதை இல்லையாம்.

அவர் மேயரை வணங்குகிறார். மற்ற நான்கு உறுப்பினர்களையும் பெயர் சொல்லி வணங்குகிறார். பிறகு சங்கத்தின் வரலாறு. என் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் பத்து நொடி ஆகும்போது மேடையேறி மேயருக்குப் பொன்னாடை போர்த்துகிறார். சிவப்பு விளக்கு எரிகிறது, மைக் அணைகிறது. சிக்னலை யாரும் கேட்காததால் அதை ஒத்திவைப்பதாக மேயர் அறிவிக்கிறார்.

சிவநேசன் மலர்ந்த முகத்தோடு மீனாவிடம் திரும்புகிறார்.

“போட்டோ எடுத்தியாம்மா?”

“எடுத்தேன் அங்கிள். சிக்னல் கேக்கவே இல்லையே?”

“எடுத்த எடுப்புல கேட்டா நல்லாவா இருக்கும்? முதல்ல ரிலேஷன்ஷிப் பில்ட் பண்ணணும். நெக்ஸ்ட் இயர் பாத்துக்கலாம்.”

மீனா கேமராவை அவர் கையில் திணிக்கிறாள். “அதுவரைக்கும் தினம் காலைல எட்டு மணிக்கு வாங்க அங்கிள். நீங்களே என் பொண்ணை ரோடு கிராஸ் பண்ணி விடுங்க.”

“காலைல எனக்கு ஆபீஸ்ல மீட்டிங் இருக்குமேம்மா” என்கிறார் தலைவர்.