அட்டை வெட்டும் அத்தான்

என் அக்காவின் கணவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு இருபத்து நான்கு வருடம் விசுவாசமாக இருந்தார். நிறுவனம் அவருக்கு எத்தனை நாள் விசுவாசமாக இருந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவரிடமும் இல்லை, ஆனால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே விடமாட்டார். "உப்பிட்டவங்கள உள்ளளவும் நினைக்கணும் மச்சான்" என்று வாயை அடைத்துவிடுவார். உப்பு போட்டவன் அளந்துதான் போட்டான், நீங்களும் அதை வேர்வையாகத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது என்று ஒருமுறை சொன்னேன். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

அவருடைய வேலை கதவு. பதினோரு மாடிக் கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் கண்ணாடிக் கதவுகள், கதவுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. கழுத்தில் தொங்கும் அட்டையை அதில் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். யாருடைய அட்டை எந்தக் கதவைத் திறக்கும், எதைத் திறக்காது என்பதை அத்தான் மூன்றாவது மாடியில் ஜன்னலே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து தீர்மானிப்பார். தீர்மானிப்பது என்பது அவருடைய சொல். மேலே இருப்பவர்கள் சொல்வார்கள், இவர் கணினியில் தட்டுவார், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் அவர் பேசுவதைக் கேட்டால் அந்தக் கட்டடமே அவர் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இந்த வேலையில் அவர் பெருமையோடு செய்தது ஒன்று உண்டு. ஆட்குறைப்பு நடக்கும் நாளில் காலை எட்டு மணிக்கு அவருக்கு ஒரு பட்டியல் வரும். அதில் பெயர் இருக்காது. பணியாளர் எண்கள் மட்டும்தான். பெயரைப் பார்த்தால் கை நடுங்கும், நாக்கு நழுவும் என்று நிறுவனத்துக்குத் தெரியும். ஒன்பது நாற்பதுக்கு அந்த ஆட்களை ஒரு கூட்ட அறைக்குக் கூப்பிட்டு, தண்ணீர் பாட்டில் கொடுத்து, உங்கள் சேவைக்கு நன்றி என்பார்கள். அதே ஒன்பது நாற்பதுக்கு அத்தான் எண்களை மொத்தமாகக் கணினியில் ஒட்டி, ஒரு பொத்தானை அழுத்துவார். அவர்கள் வெளியே வரும்போது எந்தக் கதவும் திறக்காது. இதற்கு அலுவலகத்தில் 'அட்டை வெட்டுவது' என்று பெயர். எண்ணின் மேல் ஒரு தட்டு தட்டினால் பெயரும் படமும் வந்துவிடும். அத்தான் ஒருநாளும் தட்டியதில்லை. "அடுத்தவன் விஷயம் நமக்கெதுக்கு? குடுத்த வேலைய சுத்தமா செஞ்சமா, வந்தமான்னு இருக்கணும்."

அவர் சுத்தமாகச் செய்த வேலைகளில் ஒன்று நான்.

அப்போது நானும் அங்கேதான், நான்காவது மாடியில், இழப்பீட்டுப் பிரிவில் இருந்தேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை எட்டரை மணிக்கு இரண்டு பேரும் கேன்டீனில் டீ குடித்தோம். அவர்தான் டீ வாங்கிக் கொடுத்தார். அக்காவின் முழங்கால் வலி பற்றிப் பேசினார். ஒன்பது நாற்பதுக்கு என்னைக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார்கள். வெளியே வந்து என் பையை எடுக்கக் கதவில் அட்டையைக் காட்டினேன். சிவப்பு விளக்கு. சாயங்காலம் அவரிடம், "உங்களுக்குக் காலையிலேயே தெரியும்தானே?" என்று கேட்டேன். "நம்பர்தான் வரும் மச்சான், பேரு வராது" என்றார். நான் நம்பவில்லை. தெரிந்தே டீ குடித்தார் என்றுதான் ஐந்து வருடம் நினைத்திருந்தேன். அக்காவுக்காக வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் மூன்று வேலை மாறினேன். அத்தான் என்னைத் தவளை என்றார். இந்தத் தவளை கடைசியில் குதித்தது ஒரு ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பிரிவில். அங்கேயும் கதவுகள் உண்டு, அட்டைகள் உண்டு, அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அத்தானுக்காக என் மேலாளரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். ஐம்பத்தொரு வயதில் புதிதாக ஒருவரை யார் எடுப்பார்கள்? எடுக்கிறேன் என்றார் அந்தப் புண்ணியவான். நிரந்தர வேலை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வரிசையில் இன்னொருவர் இருக்கிறார்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று அக்கா சந்தோஷப்பட்டாள். காப்பீட்டு நிறுவனத்தில் இரண்டு மாதத்தில் நான்கு பட்டியல் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அத்தான் திங்கட்கிழமை ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு, என் கையில் கொடுத்தார். "உங்க மேலாளர்கிட்ட குடுத்துடு. ரொம்ப நன்றின்னு சொல்லு. கம்பெனி கஷ்டத்துல இருக்கு மச்சான். இந்த நேரத்துல நான் விட்டுட்டு வந்தா நல்லா இருக்காது."

"உங்க பேரே பட்டியல்ல வந்தா?"

அவர் சிரித்தார். குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி. "அந்தப் பட்டியலே என் கைக்குத்தானேடா வருது?"

இந்த ஒரு வாக்கியத்தில்தான் அத்தானின் இருபத்து நான்கு வருடமும் இருக்கிறது. கத்தியைப் பிடித்திருப்பவனை யாரும் வெட்டமாட்டார்கள் என்ற நம்பிக்கை. நான் கடிதத்தை என் மேலாளரிடம் கொடுக்கவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டேன். அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் பட்டியல் வந்தது. முப்பத்தொரு எண்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் இந்த நிறுவனத்தை அதைவிடப் பெரிய ஒன்று விழுங்கியது. அப்போது எல்லோருக்கும் ஒன்பது இலக்கத்தில் புது எண் கொடுத்தார்கள். அத்தானின் பழைய எண் நானூற்றுப் பன்னிரண்டு. மூன்றே இலக்கம். அவ்வளவு பழைய ஆள் என்று அர்த்தம். அந்தப் பெருமையை அவர் விடவில்லை. சாப்பாட்டு டப்பாவில் 412, குடைக் கைப்பிடியில் 412, புதிதாகச் சேர்ந்தவர்களிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதும் அப்படித்தான். புது எண் அட்டையின் பின்பக்கம் எறும்பு சைஸில் அச்சாகியிருந்தது. அதை அவர் திருப்பிப் பார்த்ததே இல்லை. மற்றவர்களின் ஒன்பது இலக்கங்களை நாள்முழுக்கத் தட்டிய மனிதருக்குத் தன்னுடையது தெரியாது.

பட்டியலை முன்பெல்லாம் ஒரு பழைய மேலாளர் பார்த்துப் பார்த்து அனுப்புவார். அவரைப் போன மாதப் பட்டியலில் அத்தான்தான் வெட்டியிருந்தார். புதிதாக வந்த மேடத்துக்குக் கதவறையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே தெரியாது. அனுப்பிவிட்டார்.

சரியாக ஒன்பது நாற்பதுக்கு அத்தான் பொத்தானை அழுத்தினார். 'முப்பத்தொன்றும் முடிந்தது. பிழை எதுவும் இல்லை' என்று பதில் அனுப்பினார். கழிப்பறைக்குப் போனார். திரும்பி வந்து தன் அறைக் கதவில் அட்டையைக் காட்டினார்.

சிவப்பு.

அதற்கப்புறம் நடந்ததை அந்தக் கட்டடத்தின் காவலாளி எனக்குச் சொன்னார். அத்தான் அட்டையைக் கைக்குட்டையால் துடைத்தாராம். ஊதினாராம். பெட்டியில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, கதவுக் கோளாறுகளைத் தெரிவிக்கும் எண்ணுக்கு நடைபாதைத் தொலைபேசியிலிருந்து அழைத்தாராம். பூட்டிய கதவுக்கு உள்ளே, அவருடைய மேஜை மேலேயே மணி அடித்தது. எவனும் எடுக்கவில்லையே என்று கோபத்தில் திரும்பத் திரும்ப அழைத்தாராம். கூட்ட அறைக்குக் கூப்பிட்டும் வராத ஒருவரைத் தேடி, காவலாளி பெயர்கள் உள்ள பட்டியலையும் ஓர் அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார்.

"சார், இதுல உங்க பேரும் இருக்கு."

"இருக்காதுப்பா. நான் பார்த்து வெட்டினேன்."

"பார்த்தீங்களா சார்?"

அத்தான் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்து எண்ணை அப்போதுதான் படித்தாராம்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அட்டைப்பெட்டி கூடத்தின் நடுவில் இருந்தது, அத்தான் அதன் பக்கத்தில் இருந்தார். திட்ட வேண்டும் என்றுதான் போனேன். ஐந்து வருடமாகச் சேர்த்து வைத்த வசவு. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த மனிதர் உண்மையிலேயே பார்க்கவில்லை. தன் தலையே பட்டியலில் இருப்பது தெரியாமல் பொத்தானை அழுத்தியவர், என் தலையையும் தெரியாமல்தான் வெட்டியிருக்கிறார். தெரிந்து செய்திருந்தால் துரோகி என்றாவது திட்டலாம். எனக்கு வாங்கிக் கொடுத்த டீ வெறும் டீதான். அதை நினைத்தபோது முன்பைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. ஒரு பட்டியலில் மைத்துனன் இருக்கிறானா என்று பார்க்கக்கூட ஓர் ஆளுக்குத் தோன்றாதபடி அந்தக் கம்பெனி அவரைப் பழக்கி வைத்திருந்தது.

பையிலிருந்து கடிதத்தை எடுத்து அவர் மடியில் போட்டேன். "குடுக்கல. வெள்ளிக்கிழம அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு."

அக்கா அவர் சான்றிதழ்களை எல்லாம் ஒரு கோப்பில் அடுக்கி வைத்தாள். அவர் தடுக்கவில்லை. சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை மேடத்திடமிருந்து தொலைபேசி வந்தது. கதவு வேலையை வெளிநிறுவனம் ஒன்றிடம் கொடுக்கிறார்களாம். அவர்களுக்குச் சில விவரங்கள் புரியவில்லையாம். நாளைக்கு ஒரு நாள் வந்து சொல்லித் தர முடியுமா என்று கேட்டார். அத்தான் எழுந்து நின்று பேசினார். வைத்ததும் முகத்தில் விளக்கு ஏற்றியது மாதிரி இருந்தது.

"பாத்தியா? நான் இல்லாம முடியல அவங்களுக்கு."

"ஒரு நாளைக்குத்தானேங்க கூப்பிட்டாங்க" என்றாள் அக்கா. "ஆஸ்பத்திரிக்குப் போயி கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் போங்க."

"காலைல போயி முடிச்சிட்டா மத்தியானம் அங்க போயிடலாம். நாளைக்கு என் வேலையப் பார்த்தா அவங்களே யோசிப்பாங்க." மறுநாள் காலை சான்றிதழ்க் கோப்பையும் கையோடு எடுத்துப் போனார்.

நாலு மணி வரை ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நான் அந்தக் கம்பெனிக்குப் போனேன். கீழ்த்தளத்தில் வந்தவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில், விருந்தினர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, அத்தான். காலை ஒன்பதிலிருந்து அங்கேயே.

வெளியாட்களை அந்தந்தப் பிரிவிலிருந்து ஒருவர் இறங்கி வந்து கூட்டிப்போக வேண்டும் என்பது அந்தக் கட்டடத்தின் விதி. அத்தான் போக வேண்டியது கதவுப் பிரிவுக்கு. கதவுப் பிரிவில் இருந்த ஒரே ஆள் அத்தான். மேடத்தின் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை.

"நானே பத்து தடவ சொல்லிட்டேன்" என்றார் காவலாளி. "என் அட்டையில திறந்து விடறேன், மேல போங்க சார்னு. கேக்க மாட்டேங்கறார்."

"அது தப்புப்பா" என்றார் அத்தான். "தனியா ஒருத்தரையும் மேல விடக்கூடாது. அந்த விதிய எழுதிக் குடுத்ததே நான்தான்."

நான் அவர் கையைப் பிடித்தேன். "அத்தான், மணி நாலு இருபது. வண்டில பத்து நிமிஷம். எந்திரிங்க. ஒரு கையெழுத்துதான். போட்டுட்டு வேணும்னா திரும்ப இங்க வந்து உக்காருங்க."

"நான் போன நேரத்துல மேடம் தேடினா?"

"தேடட்டும்!"

"கூப்பிட்டு வந்தவன் இல்லாமப் போனா என்ன நினைப்பாங்க?"

கெஞ்சினேன். மிரட்டினேன். கையைப் பிடித்து இழுத்தேன், நாற்காலியும் சேர்ந்து வந்தது. அக்காவைத் தொலைபேசியில் பேச வைத்தேன். "இதோ, அஞ்சு நிமிஷம்" என்று அவளிடமும் சொன்னார். நாலே முக்கால் ஆனது. ஐந்து ஆனது. ஐந்து பத்துக்கு என் மேலாளர் கூப்பிட்டு, ஆள் எடுத்தாயிற்று, மன்னித்துக்கொள் என்றார். நல்ல மனிதர், பத்து நிமிடம் கூடுதலாகக் காத்திருந்திருக்கிறார்.

ஐந்தரைக்கு மேடம் லிஃப்டிலிருந்து இறங்கினார். கார் சாவியைத் தேடிக்கொண்டே எங்களைக் கடந்து போய், நின்று, திரும்பினார்.

"நீங்க... கதவு செக்ஷன்தானே? இன்னும் இங்கயா இருக்கீங்க? காலையிலயே அந்தப் புதுக் கம்பெனிக்காரங்க போன்லயே எல்லாத்தையும் முடிச்சிட்டாங்களே. யாரும் சொல்லலையா?"

அத்தான் எழுந்து நின்றிருந்தார். "பரவாயில்ல மேடம். வேல முடிஞ்சா சரி."

மேடம் போய்விட்டார். அத்தான் விருந்தினர் அட்டையைக் கழற்றிக் காவலாளியிடம் கொடுத்து, பதிவேட்டில் வெளியேறும் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று அவர் போட்ட ஒரே கையெழுத்து அதுதான். எனக்கு வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் போல் இருந்தது. காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார், அதனால் பேசாமல் வண்டியை எடுத்தேன்.

வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். நடந்ததை என் முகமே அவளுக்குச் சொல்லியிருக்கும். அத்தான்தான் செருப்பைக் கழற்றிக்கொண்டே, ஏதோ நல்ல சேதி கொண்டுவந்தவர் மாதிரி அவளிடம் சொன்னார்.

"மேடம் என்னைப் பார்த்ததும் கண்டுபிடிச்சிட்டாங்க தெரியுமா? கதவு செக்ஷன்தானேன்னு கேட்டாங்க."

அக்கா அவரைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். அவர் கையிலிருந்த கோப்பை வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்க ஆஸ்பத்திரில எனக்கு ஏதாவது வேல இருக்குமாடா? கூட்டித் துடைக்கிறதா இருந்தாலும் சரி, கேட்டுப் பாரு."