தேரி வீட்டுக்கு வந்தவர்

எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்குத் 'தேரி வீடு' என்று பெயர். ரேஷன் கார்டிலோ பத்திரத்திலோ அந்தப் பெயர் இருக்காது. ஆனால் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் 'எந்த ஆளு?' என்று கேட்பவர்கள், தேரி வீடு என்றதும் கையை நீட்டி வழி காட்டிவிடுவார்கள். தேரி என்பது சாத்தான்குளம் பக்கம் பனங்காட்டுக்குள் கிடக்கிற செம்மணல் மேடு. நாங்கள் இருப்பதோ சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கால்வாய்க் கரையில். எங்கே தோண்டினாலும் களிமண்தான். வயலுக்கு நடுவே இருக்கிற வீட்டுக்கு மணல்காட்டுப் பெயர் எப்படி வந்தது என்று என் அப்பாவிடம் ஒரு தடவை கேட்டேன். "பெரியவங்க வச்ச பேரு. பேசாம சோலியப் பாரு" என்றார். தாத்தா வேறெங்கிருந்தோ வந்தவர் என்பது மட்டும் தெரியும். எங்கிருந்து, ஏன் வந்தார் என்பது எங்கள் வீட்டில் பேசப்படாத பேச்சு.

எட்டாம் வகுப்போடு நின்று, அரிசி மில்லில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். காலையில் ஆற்றில் குளித்து, திருநீறு பூசி, நெல்லையப்பனையும் காந்திமதித் தாயையும் நினைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மில்லுக்குப் போவேன். வேறு ஆராய்ச்சி எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுதான் இந்தப் பெயர் என்னை உறுத்த ஆரம்பித்தது.

மாப்பிள்ளை வீடு முக்கூடல். பையன் பம்பாயில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று பையனின் பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தாவுக்குப் போறீய?"

எங்கள் பக்கம் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. பங்குனி உத்திரத்தன்று எல்லாரும் அவரவர் குலத்துச் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள். ஒரு வம்சம் எந்த மண்ணில் முளைத்தது என்பதைச் சாஸ்தாவை வைத்துத்தான் அறிவார்கள். நான் எங்கள் குளத்தங்கரைச் சாஸ்தாவைச் சொன்னேன்.

"உங்க பாட்டன் காலத்துலயும் அதானா?"

"அதான்" என்றேன்.

பொய். குளத்தங்கரைக்குப் போகிற வழக்கம் என் அப்பாவில்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. சம்பந்தம் கூடிவந்துவிட்டது, ஆனால் அந்த ஒரு சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டது. சாமி பெயரில் சொன்ன பொய் அல்லவா.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வாசலில் பந்தக்கால் நட்டோம். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, தேங்காய் உடைத்து முடித்த கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கறுத்து மெலிந்த ஆள். கையில் ஒரு துணிப்பை. பந்தக்காலைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு பைய நகர்ந்து எதிர்வீட்டுப் பூவரச நிழலுக்குப் போனார்.

"தேரி வீடு இதுதானா அண்ணாச்சி?"

"இதான். எங்கேருந்து வாரீய?"

"சாத்தான்குளம் பக்கம்."

தேரி கிடக்கிற பக்கம்தான். "என்ன சோலியா?"

அவர் பந்தக்காலைக் கை காட்டினார். "இங்கன கல்யாணமா?" என்றார்.

"ஆமா. மகளுக்கு."

"என்னைக்கு?"

சொன்னேன். அவர் உதட்டை அசைத்து விரல்களை மடக்கி என்னவோ எண்ணினார். தெருவில் நிற்கிறாரே என்று உள்ளே கூப்பிட்டேன். "இருக்கட்டும், இங்கனயே நிக்கேன்" என்றார். பிறகு, "உங்க தாத்தா எந்த வயசுல இந்த ஊருக்கு வந்தாவ? கூடப் பிறந்தவுக உண்டும்னு எப்பவாவது சொல்லியிருக்காவளா?" என்று கேட்டார்.

முக்கூடல் பெரியப்பா கேட்டு, நான் மூடிவைத்த அதே இடத்தில் இந்த ஆள் கைவைக்கிறார்.

"நீங்களும் தேரி வீடா?" என்றேன்.

"இல்ல. எங்களுக்கு அந்தப் பேரு கிடையாது. ஒத்தக்கிணத்து வீடுன்னு சொல்லுவாங்க."

பெயரும் வேறு. பிறகு என் தாத்தாவைப் பற்றி இவருக்கு என்ன? அப்போது என் மகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேண்டாம் தாயி. நீ நல்லாருப்ப." அவளை உற்றுப் பார்த்தார். அவர் கை அவர் காதோரம் போய்த் தடவியது.

மரியாதை விட்டுப்போகக் கூடாது என்று உள்ளே போய்க் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துவந்து நீட்டினேன். அவர் ஓர் அடி பின்வாங்கினார்.

"வைங்க. பெறகு வாங்கிக்கிடுதேன்."

அதோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. "தண்ணி குடிக்க மாட்டீரு, வீட்டுக்குள்ள வர மாட்டீரு, பத்திரிகைய வாங்க மாட்டீரு. எங்க தாத்தாவ மட்டும் கேப்பீரோ? உம்ம யாருவே அனுப்புனது?"

"யாரும் அனுப்பல. இன்னொரு நாளு வந்து விவரமாப் பேசுதேன்" என்றார். துணிப்பையைத் தோளில் மாட்டித் திரும்பி நடந்தார். 'வாரேன்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் மனைவியின் தம்பியைப் பின்னாலேயே அனுப்பினேன். முக்கூடல் பஸ் ஏறுகிறாரா என்று பார்த்துவரச் சொன்னேன். அரைமணி நேரத்தில் அவன் திரும்பினான்.

"அத்தான், ஆளு திருநவேலி பஸ்ஸுலதான் ஏறுனான். ஆனா டீக்கடையில நம்மளப் பத்தி விசாரிச்சிருக்கான். மாப்பிள்ள வீடு எப்பிடி, நல்ல ஆளுகளா, முகூர்த்தம் மாத்தி வைக்க முடியுமான்னு."

"மாத்தி வைக்கவா?"

"அப்பிடித்தான் கேட்டானாம். கல்யாணத்தக் கலைக்க வந்த ஆளுதான் அத்தான். முகத்துல எழுதி ஒட்டிருக்கு."

என் மனைவி ஒரே போடாகப் போட்டாள். "ஆத்துத் தண்ணி குடிக்க மாட்டேங்குதவன் டீக்கடையில மட்டும் குடிச்சானாக்கும். நம்ம வீட்டுத் தண்ணிதான் ஆகல அவனுக்கு."

மகள் மட்டும் சேர்ந்து ஏசவில்லை. அவள் பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தவள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யப்பா, அவுக காதப் பாத்தியளா?" என்றாள்.

பார்த்திருந்தேன். எங்கள் வீட்டில் என் அப்பாவுக்கு, எனக்கு, அவளுக்கு, காது மடல் தொடங்குகிற இடத்தில் ஊசி குத்தினாற்போல் பிறவியிலேயே ஒரு சின்னத் துளை உண்டு. கல்லூரியில் அதைத்தான் அவள் படமாக வரைந்திருந்தாள். துளை உள்ளவர்களுக்குக் கறுப்பு வட்டம், இல்லாதவர்களுக்கு வெறும் வட்டம், தலைமுறை தலைமுறையாகக் கோடு. மேலே என் தாத்தாவுக்கு வந்ததும் கேள்விக்குறி போட்டு நிறுத்தியிருந்தாள்.

"இது மரபணுவுல வாரதுப்பா. அவுகளுக்கும் அதே எடத்துல இருக்கு."

"காதுல ஓட்ட உள்ளவனெல்லாம் சொந்தமா? போய் வேலையப் பாரு."

"எல்லாரும் சொந்தம்னு நான் சொல்லல. கேட்டுப் பாத்திருக்கலாம்னுதான் சொல்லுதேன்."

கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் சொந்தமென்றால் என் பொய் வெளியே வரும். எங்கள் சாஸ்தா வேறு, ஊர் வேறு, யார் என்ன ஆள்கள் என்று முதலிலிருந்து பேச்சு கிளம்பும். பையனுக்கோ எண்ணி லீவு. பம்பாய்க்குத் திரும்பிவிட்டால் கல்யாணம் அதோடு போச்சு. 'தாயே, அந்த ஆளு மறுபடியும் வந்திரக் கூடாது' என்று ஒன்பது நாளும் கும்பிட்டேன். அதற்கு முன்னால் ஒருவர் வரக் கூடாது என்று நான் சாமியிடம் கேட்டதில்லை.

கல்யாணம் வீட்டுப் பந்தலில்தான் நடந்தது. மைத்துனனைத் தெருமுனையில் நிறுத்திவைத்திருந்தேன். 'இன்னொரு நாளு வந்து விவரமாப் பேசுதேன்' என்றாரே, அந்த இன்னொரு நாள் இதுதான் என்று நம்பினேன். கெட்டிமேளம் என்று யாரோ சத்தம் போட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் துணிப்பையோடு ஒரு ஆள் திரும்பினார். எழுந்தே நின்றுவிட்டேன். கிட்டே வந்ததும் பார்த்தால் பூக்காரர். திரும்பி மணவறையைப் பார்த்தபோது தாலி ஏறியிருந்தது. என் தலையிலும் யாரோ அட்சதையைத் தூவியிருந்தார்கள்.

ஒரே மகள். அவள் கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. இதை என் மனைவியிடம்கூட வெகுநாள் சொல்லவில்லை.

மகளும் மருமகனும் பம்பாய் போன பிறகு, ஒரு மாதம் கழிந்து, தபால்காரர் ஒரு கார்டைக் கொண்டுவந்தார். மூலையில் கறுப்பு மை. சாவுக் கடிதாசியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வெளியிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். வாசலில் நின்று படித்தேன். 'எங்கள் அண்ணன் காலமானார். பங்காளிகளான தங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது கடமை. தங்கள் வீட்டு விசேஷம் முடியட்டும் என்று இருந்து இப்போது எழுதுகிறேன்.' இறந்த தேதியும் ஊரும் இருந்தன. அடியில் 'ஒத்தக்கிணத்து வீடு' என்று எழுதியிருந்தது.

தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாங்கள் பந்தக்கால் நட்டதற்கு முந்தின நாள்.

அவர் சாவுத் துட்டி சொல்ல வந்தவர்.

பங்காளி வீட்டில் சாவு என்றால் எங்களுக்குப் பதினாறு நாள் தீட்டு. கோயிலுக்குப் போகக் கூடாது, நல்ல காரியம் எதுவும் ஆகாது. ஆனால் காதில் விழுந்தால்தான் தீட்டு. அவர் அன்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மகள் கல்யாணம் நின்றிருக்கும். முகூர்த்தம் மாற்ற முடியுமா என்று டீக்கடையில் அவர் கேட்டதும் அதற்காகத்தான். தீட்டுக்காரர் பந்தலுக்குள் வர மாட்டார். கல்யாண வீட்டில் கை நனைக்க மாட்டார், பத்திரிகை வாங்க மாட்டார். சாவு சொல்ல வந்தவர் 'வாரேன்' என்று சொல்லிக்கொண்டு போக மாட்டார். இத்தனையும் எனக்கும் தெரிந்த வழக்கம்தான். ஒன்றுக்கு நாலு அடையாளம் கண்ணெதிரே நின்றது. என் கண்ணில் பட்டதெல்லாம் களவாணித்தனம்.

கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆற்றுக்குப் போய்த் தலை முழுகினேன். மாதம் கடந்து கேட்டால் தீட்டு அந்த ஒரு முழுக்கோடு சரி. மறுநாளே துட்டி கேட்கப் புறப்பட்டேன். பையில் மிச்சமிருந்த பத்திரிகை ஒன்றை வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்பு மணல். ஊரே அதன்மேல்தான் இருக்கிறது. அன்று வந்தவர் தன் வீட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்தார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். இறந்தவர் படத்தின் முன்னால் விளக்கு எரிந்தது. படத்திலும் காதைத்தான் முதலில் பார்த்தேன்.

அவரே சொன்னார். "உங்க தாத்தாவும் எங்க தாத்தாவும் அண்ணன் தம்பி. கிணத்துத் தண்ணிக்குச் சண்ட போட்டு உங்க தாத்தா ஆத்துப் பக்கம் போயிட்டாவ. அப்புறம் நல்லதும் சொல்லல, கெட்டதும் சொல்லல. அண்ணன்தான் படுக்கையில கெடக்கும்போது சொன்னாவ, நான் போனா ஆத்துக்காரங்களுக்குச் சொல்லி விடுங்க, என்னோட முடியட்டும்னு."

"தேரி வீடுன்னு பேரு கிடையாதுன்னியளே?"

"ஊரே தேரி. இதுல எந்த வீட்டத் தேரி வீடுன்னு சொல்ல? அது உங்க ஊர்க்காரன் வச்ச பேரு. இங்கன உங்களுக்கு ஆத்துக்காரங்கன்னு பேரு."

இறந்தவரின் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "சொல்லப் போன மனுசன் சொல்லாமத் திரும்பி வந்து நின்னாரு. நான் ஏசுன ஏச்சுக்கு அளவில்ல."

"வாங்கிக் கட்டிக்கிட்டேன்" என்று அவர் சிரித்தார். பிறகு என்னிடம், "கல்யாணம் நல்லபடியா நடந்துச்சா? தாலி கட்டும்போது பிள்ள அழுதாளா?" என்று கேட்டார்.

அந்தப் படத்துக்கு முன்னால் எனக்கு இன்னொரு பொய் வரவில்லை.

"தெரியல. நான் தெருவப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"எதுக்கு?"

"நீங்க வந்து கலைச்சிருவியளோன்னு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். "மதினி, இங்கன வாங்க. இவுக சொல்லுததக் கேளுங்க." அவர் சிரிக்கச் சிரிக்க எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டுக் கையை நீட்டினார். "அன்னைக்கு ஒரு பத்திரிகை நீட்டுனியளே, அது இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, தேதி முடிந்துபோன அந்தப் பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து சத்தமாகப் படித்தார்.