முன்னால் நான், பின்னால் தங்கை

எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது இடது முழங்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பட்டிருக்கும் என்று அம்மா ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. சோப்புப் போட்டுத் துடைத்தாள். அப்போதும் போகவில்லை. தீபாவளிக்குள் அது ஒரு ரூபாய் அகலத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு கழுத்தில் ஒன்று, வலது கண்ணிமையில் ஒன்று. சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து, உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை, பொறுமையாக இருங்கள் என்றார். அம்மாவுக்கு அந்தப் பொறுமை மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

அப்போது நாங்கள் தலைநகரில், கோல் மார்க்கெட் பக்கம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இரண்டாம் மாடியில் இருந்தோம். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் சர்க்கார் வேலை. காலையில் போனால் ஏழு மணிக்குத்தான் வருவார்கள். அந்தக் குளிர்காலத்தில்தான் சித்தி தன் மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். குர்கானில் சித்தப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அவர் வேலை தேடி பெங்களூர் போயிருந்தார். சித்தி மகள் என்னைவிட எட்டு மாதம் சின்னவள். அக்கா தங்கைகளின் பிள்ளைகள் என்பதால் நாங்கள் இருவரும் ஒரே அச்சு. பின்னாலிருந்து பார்த்தால் அப்பாவே பெயர் மாற்றிக் கூப்பிடுவார். முன்னாலிருந்து பார்த்தால் அந்தக் குழப்பம் யாருக்கும் வராது.

சித்தி சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்படுகிறவள். திருநெல்வேலியிலிருந்து யாரோ தெரிந்தவர் மூலம் பார்சல் வரவழைத்தாள். குப்பைமேனி சோப்பு, ஆவாரம்பூப் பொடி, கார்போகி அரிசி என்கிற மூலிகை விதையில் காய்ச்சிய எண்ணெய். அவற்றோடு இரண்டு புத்தகங்கள். ஒன்று, உடம்பைப் பச்சிலைகளால் சரிசெய்துகொள்வது பற்றியது. இன்னொன்று, நம்மை நாமே நேசிப்பது எப்படி என்பது. தோளில் பையை மாட்டிக்கொண்டு தமிழ்க் குடும்பங்களின் வீடு வீடாகப் போவாள். சனிக்கிழமைகளில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், முருங்கைக்காயும் அப்பளமும் வாங்க வருகிற பெண்களிடம் பேச்சுக் கொடுப்பாள்.

சித்தியை ஏமாற்றுக்காரி என்று சொல்ல எனக்கு இன்றும் மனம் வராது. அந்தப் புத்தகங்களை அவள் விற்பதற்கு முன் படித்தாள், பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படித்தாள். எங்களுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும் என்பதால் வாசித்துக் காட்டுவாள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னை பீரோக் கண்ணாடி முன் நிறுத்துவாள்.

“சொல்லுட்டி, நான் அழகா இருக்கேன்னு சொல்லு. மனசார சொல்லணும்.”

சொல்வேன். சொல்லி முடித்ததும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, அந்த வெள்ளைகள் மறைவதற்காக எண்ணெய் தேய்ப்பாள். இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கிறதே என்று எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

எண்ணெய் தேய்த்த இடத்தில் வெயில் படவேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. பால்கனியில் உட்கார்ந்தேன். நாலாம் நாள் முழங்கையில் கொப்புளம் கிளம்பியது. உள்ளே இருக்கிற விஷம் வெளியே வருகிறது என்று சித்தி சந்தோஷப்பட்டாள். அம்மா வந்து பார்த்தாள். மறுநாளே ஆபீசுக்கு லீவு போட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். எண்ணெய் நின்றது. ஆனால் கொப்புளம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே படங்கள் எடுத்து முடிந்திருந்தன.

அதை நான் ஒரு விளையாட்டாகத்தான் நினைத்தேன். பால்கனிச் சுவரோரம் மஞ்சள் கவுனோடு என்னை நிற்கவைத்தாள் சித்தி.

“கையை இங்கிட்டு நீட்டு. சிரிக்காத. முன்னால எடுக்க படத்துல சிரிக்கப்பிடாது.”

பிறகு அதே கவுனைக் கழற்றித் தங்கைக்குப் போட்டாள். அதே இடம், அதே நீட்டல். “இப்ப நீ சிரிட்டி.” முகம் பாதிதான் தெரியும்படி எடுத்தாள். இரண்டையும் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு ஒரு ஆல்பத்தில் பக்கத்துப் பக்கத்தில், எண்ணெய்க்கு முன், எண்ணெய்க்குப் பின் என்று செருகினாள். “எங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, என்ன?” என்றாள். ஊரெல்லாம் என் படத்தைப் பார்க்கிறார்கள் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோவுக்கே என்னைப் பின்வரிசையில்தான் நிறுத்துவார்கள்.

மார்ச் மாதம் ஒரு நாள் மாலை, மந்திர் மார்க் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் தன் மகளோடு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

“மார்க்கெட்ல படத்தைக் காட்டினீங்களே, அன்னிலேருந்து எனக்கு அதே நெனப்பு. தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் குழந்தையை ஒரு தடவை நேர்ல பார்த்துட்டா சமாதானமாயிடும்.”

சித்தி ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். தங்கைக்கு மஞ்சள் கவுனை மாட்டினாள். என்னைப் பின்பால்கனியில், மூடிவைத்திருந்த ஏர் கூலருக்குப் பின்னால் தள்ளினாள். “மூச்சு விடப்பிடாது” என்றாள்.

கூலருக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். சித்தி எண்ணெயின் வாசனையைப் பற்றிச் சொன்னாள். அம்மாளோடு வந்த அக்காவின் விரல்களில் கொஞ்சம் தடவிக் காட்டினாள். உடனே அந்த அக்கா, “கை கழுவிட்டு வரேன் ஆன்ட்டி” என்று எழுந்துவிட்டாள். “இருப்பா, ஜல்தி என்ன, துணி தாரேன்” என்று சித்தி சொல்லி முடிப்பதற்குள் அவள் பின்பால்கனிக்கு வந்துவிட்டாள். எல்லாக் குவார்ட்டர்ஸிலும் பேசின் அங்கேதான்.

துப்பட்டாவை வாய்வரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் படித்திருக்கலாம். குழாயைத் திறந்து குனிந்து கை கழுவியபோது துப்பட்டா நழுவியது. உதடுகளைச் சுற்றி வெள்ளையாக இருந்தது. விரல் நுனிகளும் அப்படியே. என்னைப்போல இன்னொருவரை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். என் கண்ணிமையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். சத்தமில்லாமல் கேட்டாள்.

“போட்டோல இருக்கறது நீயா?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. “முன்னால இருக்கது நான். பின்னால இருக்கது தங்கச்சி” என்றேன்.

“எண்ணெய் போட்டாங்களா?”

“போட்டாங்க. கொப்புளம் வந்துச்சு.” சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினேன்.

அவள் அதை ரொம்ப நேரம் பார்க்கவில்லை. ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, என் சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டாள். “சுப் ரெஹ்னா” என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். சித்தி சொன்னதையே இவளும் இந்தியில் சொல்கிறாள் என்று தலையாட்டினேன். பிறகு குழாயைத் திறந்து, ஏற்கெனவே எண்ணெய் போய்விட்ட விரல்களை மறுபடி கழுவினாள்.

உள்ளே அவளுடைய அம்மா தங்கையின் கையைப் பிடித்து வைத்திருந்திருக்க வேண்டும். குரல் அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் வந்தது.

“வாடா கண்ணா, வந்து பாரு. துளிகூட இல்லடா. தடவிப் பாரு, துளிகூட இல்ல.”

அந்த அக்கா குழாயை மூடிவிட்டு உள்ளே போனாள்.

“ஆமாம்மா” என்றாள் அந்த அக்கா. “வாங்கிக்கலாம்மா.”

மூன்று புட்டி எண்ணெய், சோப்பு, இரண்டு புத்தகங்கள். படியிறங்கும்போது அந்த அம்மாள் மகளின் தோளில் கை போட்டுக்கொண்டு போனதைக் கம்பி இடுக்கு வழியாகப் பார்த்தேன். சித்தி கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் அதில் சாய்ந்து நின்றாள். அன்றைக்கு என்னைக் கண்ணாடி முன் கூப்பிடவில்லை.

இரண்டு வாரத்தில் ஆல்பம் அம்மா கையில் கிடைத்தது. அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

“உன் பிள்ளைய முன்னால நிறுத்தியிருப்பியாடி?”

“அவளுக்கு இல்லையேக்கா” என்றாள் சித்தி. வேண்டுமென்று சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு அக்காவுக்கும் தங்கைக்கும் பேச ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. ஏப்ரல் பிறப்பதற்குள் சித்தி பெங்களூருக்கு ரயிலேறினாள். இன்றும் கல்யாணங்களில் பார்த்துக்கொள்வார்கள், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்வார்கள்.

அந்த அக்காவை நான் மறுபடி பார்க்கவில்லை. எண்ணெயைத் தேய்த்துக்கொண்டாளா, பேசினில் கொட்டினாளா, தெரியாது.

என் வெள்ளை நிற்கவில்லை. இப்போது நொய்டாவில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். முகத்தில் பாதி வெள்ளை, கைகள் முழுவதும். எனக்குப் பதினேழு வயதானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கரோல் பாகிலிருந்து ஒரு பச்சை டப்பாவோடு வந்தாள். கடைக்காரர் மகளுக்கே குணமாயிற்றாம். படம் காட்டினாராம். முன்னாலும் பின்னாலும். என்னைப் படம் பிடித்ததற்காகச் சொந்தத் தங்கையையே வேண்டாம் என்றவள், அதை என்னிடம் நீட்டினாள். எத்தனையோ மாதமாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது. நான் அந்த முகத்தைப் பார்த்தேன். “போட்டுப் பார்க்கலாம்மா” என்றேன்.

மந்திர் மார்க் அக்காவின் குரல் எனக்கு அப்போதுதான் சரியாகக் கேட்டது.

ஆனால் அந்த மார்ச் மாத மாலையில் எனக்கு ஒன்பது வயது. அவர்கள் கீழே இறங்கிப் போனதும் கூலருக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைப் பார்த்த பிறகும், கொப்புளத்தைப் பார்த்த பிறகும் வாங்கிக்கொண்டு போகிறாளே, எவ்வளவு முட்டாள் அந்த அக்கா என்று நாங்கள் இருவரும் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தோம்.