உப்புத் தண்ணீரில் மிதந்த போலீஸ் துப்பாக்கி

போலீஸ் ரிவால்வரில் ஆறு தோட்டாவையும் சுட்டுத் தீர்த்தவன் நான்.

சரி, பொய். சுட்டதே இல்லை. ஒரே ஒரு தடவை கையில் பிடித்திருக்கிறேன். அதுவும் தோட்டா இல்லாமல், கொடுத்தவர் பக்கத்திலேயே நிற்க. ஆனால் டிவி நாடகங்களுக்குத் துப்பாக்கி செய்து கொடுத்தே கிழவனானவன் நான். இப்படி ஆரம்பித்தால்தான் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் காது கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத ஆள் என்பதால், நான் சொல்லச் சொல்ல எங்கள் அசிஸ்டென்ட் டைரக்டர் பெண் ஷாட்டுக்கு ஷாட் நடுவில் இதை எழுதுகிறாள்.

1. மிதந்தது

எழுபதுகளின் பின்பாதி. மெட்ராசுக்கு டிவி வந்து அதிக நாள் ஆகவில்லை. மரக்காணத்து உப்பளத்தில் நான் தச்சன். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உப்பு வாரும் பலகைக்குக் கைப்பிடி போடுவேன். மூன்றில் ஒன்று கழன்று வரும். உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தது. எப்படியாவது தப்பித்துப்போய், தலைக்குமேல் ஃபேன் சுற்றுகிற இடத்தில் ஒரு வேலை பார்க்க வேண்டும். அந்த வயதில் எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

அப்போது ஒரு டிவி நாடகத்துக்காரர்கள் மெட்ராசிலிருந்து வேனில் வந்தார்கள். கடத்தல்காரனை இன்ஸ்பெக்டர் உப்பளத்தில் துரத்திப் பிடிக்கிற கதை. வேனில் எல்லாம் இருந்தது, துப்பாக்கிப் பெட்டி மட்டும் இல்லை. டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் போய் முன்னால் நின்றேன்.

"நான் செஞ்சு தர்றேன் சார். சினிமாவுக்கெல்லாம் செஞ்சிருக்கேன்."

"எந்தப் படத்துக்குப்பா?"

"அது இன்னும் வரல சார்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்குக் காலையில வேணும். நல்லா இருந்துதுன்னா உன்னை மெட்ராசுக்கே கூட்டிட்டுப் போறேன். இல்லன்னா என் கண்ணுல படாத."

பூவரசங்கட்டையில் செதுக்கினேன். விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்துப் பூசினேன். தூரத்திலிருந்து பார்த்தால் துப்பாக்கி. கிட்டே வந்தால் எண்ணெய்க் குளியல் வாசம். இன்ஸ்பெக்டராக நடித்தவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. விரலில் மாட்டி விர்ரென்று சுற்றினார்.

ஷாட் இதுதான். கடத்தல்காரன் துப்பாக்கியைத் தட்டிவிடுவான். அது முழங்கால் ஆழத் தண்ணீரில் விழுந்து மூழ்கும். இன்ஸ்பெக்டர் துழாவித் தேடுவார்.

தட்டிவிட்டான். விழுந்தது. மூழ்கவில்லை.

உப்பு விளைவதற்குத் தேக்கி வைத்த தண்ணீர் வெயிலில் சுண்டிச் சுண்டிக் கெட்டியாக இருக்கும். முட்டையே மிதக்கும், கட்டை மிதக்காதா? தினமும் அதில் நிற்கிற எனக்கு இது தெரியாதா என்று கேட்காதீர்கள். துப்பாக்கி செய்யும்போது மட்டும் ஞாபகம் வரவில்லை.

காற்றில் அது மெதுவாக எங்களை நோக்கி வந்தது. கரி கரைந்து பின்னால் ஒரு கோடு. வரப்பில் நின்ற உப்பு வாரும் பெண்கள் கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

"டேய் சூசை, உன் துப்பாக்கி வாத்து மாதிரி நீந்துதுடா! தவிடு போடட்டா?"

டைரக்டர் சிரிக்கவில்லை. "மத்தியானச் சாப்பாடு வரைக்கும் டைம். அதுக்குள்ள இது முழுகணும். இல்லன்னா நான் வேற எடம் பாத்துக்கிறேன், நீ உன் பலகையைப் பாத்துக்க."

2. கயிறு

கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். பனமரத்து நிழலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர், கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்பா, நிஜத்தைப் பாத்திருக்கியா நீ?"

"உறையோட பாத்திருக்கேன் சார்."

இடுப்பில் இருந்த தோல் உறையின் பட்டனைக் கழற்றினார். அதற்கே கொஞ்ச நேரம் ஆனது. ஆறு தோட்டாவையும் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து பையில் போட்டார். காலியான ஓட்டைகளை இரண்டு தடவை பார்த்தார். பிறகு என் கையில் வைத்தார்.

பிடியிலிருந்து அவர் தோள் வரைக்கும் ஒரு கயிறு போனது. அதை அவர் கழற்றவில்லை. அதனால் நான் அவரை ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் சொல்லும்போது சாமியாரிடம்கூட அவ்வளவு நெருக்கமாக நான் நின்றதில்லை.

கனத்தில் கை தானாகக் கீழே இறங்கியது. இன்னொரு கையையும் கொண்டுபோய்த் தாங்கினேன். வெயிலில் இரும்பு உயிருள்ளது மாதிரி சுட்டது.

"கயிறு எதுக்கு சார்?"

"இது தொலைஞ்சா என் வேலை போயிடும். யார் தட்டிவிட்டாலும் இது என்னை விட்டுப் போகாது." நடிகரைப் பார்த்தார். "அவரு என்னமோ விரல்ல சுத்தறாரு. பதினெட்டு வருஷமா இடுப்புல சுமக்கிறேன், ஒரே தடவைதான் ஆள் மேல நீட்டியிருக்கேன்."

"சுட்டீங்களா சார்?"

"ஒரு குப்பத்துல தகராறு. ஒருத்தன் துடுப்பைத் தூக்கிக்கிட்டு என் மேல ஓடி வந்தான். எடுத்து நீட்டினேன். நின்னுட்டான். என் மூஞ்சியைப் பாக்கலப்பா, அந்த ஓட்டையையேதான் பாத்தான். அவனுக்கு நேர் பின்னாடி அவன் பொண்டாட்டி, இடுப்புல குழந்தை. துடுப்பைக் கீழ போட்டுட்டான். நானும் உள்ள வெச்சுட்டேன்." வலது கையை விரித்துப் பார்த்தார். "அன்னைக்குச் சோறு பிசையக் கை வரல."

துப்பாக்கியை வாங்கி, தோட்டாக்களைப் போட்டு, பட்டனை மாட்டினார். நான் ஓடினேன்.

வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகளைக் கடற்கரையில் கெஞ்சி வாங்கினேன். கட்டையைக் குடைந்து உள்ளே திணித்தேன். மேலே கோயில் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி அடைத்தேன். கரி பூசி, பிடியில் வலைக் கயிற்றை முறுக்கிக் கட்டினேன், மறுமுனையை நடிகர் தோளில் மாட்ட.

"கயிறு எதுக்குடா?" என்றார் டைரக்டர்.

"போலீஸ்காரர் துப்பாக்கி கைய விட்டுப் போகாது சார். தண்ணிக்குள்ள தேட வேணாம், இழுத்துத்தான் எடுக்கணும்."

"யார் சொன்னா?"

பனமரத்தைக் காட்டினேன். சப்-இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார்.

நடிகர் பழைய நினைப்பில் விரலில் மாட்டிச் சுற்றினார். பாதியில் நின்று விரல் முட்டியில் அடித்தது. "ஐயோ! என்னய்யா இது, அம்மிக்கல்லா?"

டேக். தட்டிவிட்டான். ஒரே சத்தத்தோடு மூழ்கியது. தடுமாறி விழுந்த நடிகர் எழுந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஒரு முழம், இரண்டு முழம். உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட அது மேலே வந்தது. நீட்டினார். கனம் தாங்காமல் மணிக்கட்டு நடுங்கியது. கடத்தல்காரனாக நடித்தவன், டைரக்டர் சொல்வதற்கு முன்னாலேயே இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

வாத்து என்று சிரித்த பெண்கள் பலகையைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள். உள்ளே இருப்பது ஈயமும் மெழுகும் என்று தெரிந்த நானே ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். டைரக்டர் கட் சொல்ல மறந்துபோனார். நான் பனமரத்தைத் திரும்பிப் பார்த்தேன். சப்-இன்ஸ்பெக்டர் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு டைரக்டர் சொன்னது ஒரே வார்த்தை. "ஏறு."

வேனில் ஏறினேன். மெட்ராசில் ஃபேன் இருந்தது. மூன்று நாளைக்கு ஒரு நாள் சுற்றும்.

3. ஈயம்

கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான். துப்பாக்கி பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருந்தால் போதாது, பிடித்தவன் கைக்கு அது தெரிய வேண்டும். இப்போது ரப்பரில் வருகிறது, பிளாஸ்டிக்கில் வருகிறது. விசிறி மாதிரி வீசுகிறார்கள். என்னிடம் வருவதில் எல்லாம் நான் ஈயம் வைத்துவிடுவேன், கேட்காமலே. ஒரு தடவை ஒரு நடிகர், கை வலிக்கிறது, ஈயத்தை எடு என்றார். சரி என்று சொல்லிவிட்டு எடுக்கவில்லை. மறுநாள் அவர் அதை நீட்ட வேண்டிய ஷாட். எதிரே நின்ற பெண் திடீரென்று—

"சூசைண்ணே! எங்க இருக்கீங்க? ஹீரோ துப்பாக்கிய விரல்ல மாட்டிச் சுத்தறாருண்ணே!" செட்டுப் பையன் கத்துகிறான்.

"டேய், கீழ போடச் சொல்லு! ஐயையோ வேணாம், போடச் சொல்லாத, கால் மேல விழுந்துடும்! கெட்டியா புடிச்சுக்கச் சொல்லு, வர்றேன்!"