வைப்பாற்றங்கரைச் சைக்கிள் தடம்

அம்மாவின் பழைய சைக்கிளைத் துடைத்தபோது ரப்பர் கைப்பிடியின் இடுக்கிலிருந்து கந்தக வாசம் வந்தது. வைப்பாற்றங்கரைத் தடத்தில் மறுபடி சைக்கிள் விட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. கூடவே கோபமும் வந்தது.

நான் சின்னவளாக இருந்தபோது பட்டாசு ஆலைப் பெண்கள் வரிசையாக அந்தத் தடத்தில்தான் வீடு திரும்புவார்கள். காரோ லாரியோ நுழைய முடியாத ஒற்றையடித் தடம், டயருக்கடியில் மணல் நறநறக்கும், பழைய கல்மண்டபத்துக்குள் செயின் சத்தம் எதிரொலிக்கும், அங்கே காத்திருக்கும் நான் ஓடிப்போனால் அம்மா வெடிமருந்தின் வெள்ளிப்பொடி படிந்த கைகளை விலக்கிக்கொண்டு, "தொடாத புள்ள, மேலெல்லாம் மருந்து" என்பாள். சிரட்டையால் மணலில் ஊற்று தோண்டி, தண்ணீர் தெளியும்வரை கதை பேசி, கழுவிய பிறகுதான் என்னைக் கேரியரில் தூக்கி வைப்பாள்.

"நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க மதினி, இல்லாட்டி ஒங்க மக தீவாளிக்கு முந்தியே வெடிச்சிருவா" என்று யாராவது கேலி செய்வார்கள்.

அந்த மணலை லாரி லாரியாக அள்ளி விற்றுவிட்டார்கள். இப்போது தோண்டினால் களிமண்தான். மிச்சத் தடத்தின் குறுக்கே ஏதோ கம்பெனி முள்கம்பி கட்டியிருக்கிறது. கேட்டால், பெண்களை ஏற்றிப்போக ஆலை வேன் வந்தபிறகு அங்கே யார் போகிறார்கள் என்கிறார்கள். போகாவிட்டால் ஆற்றங்கரை அவர்களுடையதாகிவிடுமா?

"ஞாயித்துக்கிழமை போறேன், மறிச்சா மறிக்கட்டும்" என்றேன் அம்மாவிடம்.

அம்மா டயரை அமுக்கிப் பார்த்தாள். "ஒத்தையில போயி சண்டை இழுக்கவா? வேன்ல போறவளுக அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லுவோம். வருவாளுக."

முதலில் இரவல் சைக்கிள்கள் சேர்க்க வேண்டும். பிறகு முள்கம்பிக்கு மேலே அவற்றை ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் தூக்கிக் கொடுத்துப் பார்க்கப் போகிறோம்.