இரண்டு மீற்றரில் ஒரு தாலி

நயினாதீவில் ஒரு கலியாணத்துக்குப் படமெடுக்கப் போயிருந்தேன். பிளாஷ் வெளிச்சத்தைத் தானாகக் கணிக்கும் வசதி பழுதாகிவிட, தூரத்தைப் பார்த்து லென்ஸின் துவார அளவை நானே கணக்கிட்டேன்: நான்கு மீற்றருக்கு அபேர்ச்சர் எட்டு.

கெட்டிமேளம் முழங்கியதும் அறுகரிசி தூவி வாழ்த்த வந்த சனம் என்னை முன்னுக்குத் தள்ளியது. இப்போது இரண்டு மீற்றர்தான். துவாரத்தைச் சுருக்கிப் பதினாறுக்கு மாற்றாவிட்டால் முகங்கள் வெளுத்துப்போகும். வியர்வையில் விரல் லென்ஸ் வளையத்தில் வழுக்கியது. தாலி கழுத்தருகே வந்துவிட்டது. கெட்டிமேளத்தை நிறுத்தச் சொல்ல நான் யார்?

மணமகள் என் தவிப்பைக் கண்டாள். காலையில்தான் அறிமுகமானவள். சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ. அந்த அக்காவுக்கு இன்னும் சரிவரேல்லை."

மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது. ஐயர் என்னை முறைத்தார். பதினாறுக்குத் திருப்பினேன்; தாலி கழுத்தில் ஏற, அழுத்தினேன்.

அந்தப் படத்தில் எல்லோரும் தாலியைப் பார்க்கிறார்கள். அவள் மட்டும் என்னைப் பார்க்கிறாள், "இப்ப சரியோ அக்கா?" என்று கேட்பதுபோல.