இருபத்து மூன்றாம் எண்ணின் வலது அக்குள்

“வாசனை மதிப்பீட்டாளர் என்பவர் விருப்பு வெறுப்பு அற்ற ஓர் அளவுக் கருவி ஆவார். காய்ச்சலைக் காட்டும் வெப்பமானிக்கு நோயாளியின் மேல் பிரியமும் இல்லை, பகையும் இல்லை. மதிப்பீட்டாளரும் அவ்வாறே.”

தொழிற்சாலையின் பணிக் கையேட்டில் பதினான்காம் பக்கத்தில் இப்படி அச்சாகியிருக்கிறது. அந்தப் பதவியில் பதினோரு ஆண்டுகளாக இருந்தவளோ, பல் மருத்துவரை மூன்று முறை மாற்றியவள். வைத்தியத்தில் குறையில்லை, கையுறை வாடை சரியில்லை. அத்தை மகளோடு ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவள். காரணம், அத்தை மகள் தலைக்குத் தடவிய ஒரு தைலம். குடியிருக்க வீடு பார்க்கப் போனபோது சமையலறையை எட்டிக்கூடப் பார்க்காமல், மாடிப்படியில் நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டு, “இந்த வீடே போதும்” என்றவள். வெப்பமானி என்றே வைத்துக்கொண்டாலும், நோயாளியைக் கட்டிக்கொண்டு அழுகிற வெப்பமானி. இல்லாவிட்டால் அவர் வாயிலிருந்து குதித்து ஓடிவிடுகிற வெப்பமானி.

அவளுடைய அம்மா அவளை ‘மூக்கரசி’ என்று கூப்பிடுவாள். கோபம் வந்தாலும் அதே பெயர்தான், குரல் மட்டும் மாறும்.

வேலை இதுதான். தொழிற்சாலை அக்குளில் பூசிக்கொள்ளும் வாடை நீக்கித் திரவம் தயாரிக்கிறது. அது வேலை செய்கிறதா என்று யாராவது மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஜன்னல் இல்லாத வெள்ளை அறை ஒன்று. அதில் குறுக்கே ஒரு திரை. திரைக்குப் பின்னால் வரிசையாக முக்காலிகளில் முப்பது ஆண்கள். திரையில் வெட்டிய ஓட்டைகள் வழியாக அவர்களின் தூக்கிய கையும் அக்குளும் மட்டும் இந்தப் பக்கம் தெரியும். முகம் கிடையாது, பெயர் கிடையாது, எண் மட்டும். மதிப்பீட்டாளர்கள் நான்கு பேர், அடி வெட்டிய காகிதக் கோப்பை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து, ஒரு மூச்சு இழுத்து, ‘வாடையின் வலிமை’ என்ற பத்தியில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போட வேண்டும். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை. பத்து என்றால் மதிப்பீட்டாளருக்கு அரை நாள் விடுப்பு. நடுநடுவே தங்கள் முழங்கை மடிப்பில் மூக்கைப் புதைத்து ஆசுவாசப்படுத்திக்கொள்ளலாம். ஒவ்வோர் ஆளுக்கும் இடது அக்குளில் மருந்து, வலது அக்குளில் ஒன்றுமே கிடையாது. ஒப்பிட வேண்டுமல்லவா?

ஊரார் எல்லாரையும் வாசனையே இல்லாதவர்களாக ஆக்குவதற்குச் சம்பளம் வாங்கியவள், தனக்கென்று வரும்போது வாசனை இல்லாத ஆளே வேண்டாம் என்று நின்றாள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது ஆவதற்குள் அம்மா மூன்று மாப்பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தேநீர்க் கடையில் சந்திக்க ஏற்பாடு செய்திருந்தாள். முதல் ஆள் ரோஜாத் தோட்டமாக வந்தார். இரண்டாம் ஆள் புது மோட்டார் காரின் உட்புறமாக வந்தார். மூன்றாம் ஆள் மேல் மூன்று சென்ட்டுகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

“எப்படிடி இருக்காரு ஆளு?” என்று அம்மா ஒவ்வொரு முறையும் ஆவலாகக் கேட்பாள்.

“யாருக்கும்மா தெரியும்? உள்ள ஆள் இருந்தாரான்னே தெரியல.”

“மூக்கைக் கழட்டி வீட்டுல வச்சுட்டுப் போன்னு எத்தனை தடவை சொன்னேன்!”

இப்படி இருக்கும்போதுதான் புதுச் சோதனை ஒன்று தொடங்கியது, இருபத்து மூன்றாம் எண் வந்து சேர்ந்தது.

முதல் நாள் அவள் வழக்கம்போல் வலது அக்குளை நோக்கிக் குனிந்தாள். ஒரு மூச்சு இழுத்தாள். முழங்கை மடிப்புக்குப் போனாள். திரும்பி வந்தாள். இன்னொரு மூச்சு. பிறகு, கையேட்டுக்கு முற்றிலும் விரோதமாக, மூன்றாவது மூச்சு. மழையில் நனைந்த மரப்பலகை, உறை பிரிக்காத பருத்தித் துணி, கொஞ்சம் வெங்காயம். வெங்காயம் கொஞ்சம் என்பது அவள் கணக்கு. உண்மையில் நிறையவே இருந்தது.

பென்சிலை எடுத்தாள். இது தன்னைத் தொந்தரவு செய்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கொஞ்சம்கூட இல்லை. தொந்தரவே இல்லாத வாடைக்கு என்ன வலிமை இருக்க முடியும்? ‘2’ என்று எழுதினாள். படித்த பெண், பதினோரு வருட அனுபவம், தர்க்கம் இந்த அழகில் இருந்தது.

வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் ஆறு வாரம் இது நடந்தது. இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு. ஒரு வெள்ளிக்கிழமை பூஜ்யம்.

மேற்பார்வையாளர் அம்மாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு மேசை மேல் ஒரு தாளை விரித்தார்.

“மத்த மூணு பேரும் இந்த வலது பக்கத்துக்கு எட்டு, எட்டு, எட்டரை. நீ பூஜ்யம். ஏம்மா, அன்னிக்கு நீ வேலைக்கு வந்தியா?”

“வந்தேன் மேடம்.”

“மருந்து பூசின இடது பக்கத்துக்கு மூணு போட்டிருக்க. மருந்தே பூசாத வலது பக்கத்துக்கு அதைவிடக் கம்மி. உன் கணக்குப்படி நம்ம மருந்தைப் பூசாம இருக்கிறதுதான் நல்ல மருந்து. இதை விளம்பரத்துல போட்டுடலாமா?”

“சளி பிடிச்சிருந்தது மேடம்.”

“ஆறு வாரமாவா? அதுவும் ஒரே ஒரு அக்குளுக்கு மட்டுமா சளி பிடிக்கும்?”

மேற்பார்வையாளர் அம்மாள் கெட்டவர் அல்ல, ஆனால் கையேட்டை மனப்பாடம் செய்தவர். பத்து நாள் கழித்து வரும் வியாழக்கிழமை மறுபரிசோதனை. அதே முப்பது பேர், எண்களை மட்டும் கலைத்துப் போடுவார்கள். எந்த ஒரு அக்குளிலாவது மற்ற மூவரின் சராசரியிலிருந்து ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் விலகினால், அவளை மூடி திருகும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே நாள் முழுக்க இயந்திரம் மூடி திருகும், அதன் பக்கத்தில் நின்று அது திருகுகிறதா என்று பார்க்க வேண்டும். மூக்குக்கு அங்கே வேலையே இல்லை. அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொத்து மூக்குதான். அது போனால் அவள் வெறும் முகம்.

அன்றிலிருந்து வீட்டில் பயிற்சி தொடங்கியது. காகிதக் கோப்பையும் கையுமாக அறை அறையாகப் போனாள். அம்மாவின் செருப்பு ஆறு. துடைப்பம் மூன்று. பஸ் டிக்கெட் ஒன்று. அம்மாவின் கட்டிலில் கிடந்த பழைய மெத்தை ஒன்பது.

“என் மெத்தைக்கு ஒன்பதா?” அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “பூஜ்யம்தானே நல்லது?”

“ஆமாம்மா.”

“அப்போ இத்தனை வருஷமா ஒன்பது மேலயா படுத்துட்டு இருக்கேன்? சொல்ல வாய் வரலியா உனக்கு?”

அன்று சாயங்காலமே அம்மா கடைக்குப் போய்ப் புது மெத்தைக்குச் சொல்லிவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவருவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் ஓடவில்லை. அது ஓடினால்தான் செய்தி. கீழே சுவரில் எதுவோ முட்டுகிற சத்தம் கேட்டு மகள் மூன்றாவது மாடிக்குச் சற்றுக் கீழே இருந்த படித் திருப்பத்துக்கு இறங்கிப் போனாள். ஒரு மெத்தை தானாகவே படியேறி வந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கால்கள், பக்கவாட்டில் தூக்கிய இரண்டு கைகள். முகம் தெரியவில்லை. திருப்பத்தில் மெத்தை சிக்கிக்கொண்டது. அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். மெத்தை இப்படித் திரும்பியது, அப்படித் திரும்பியது, கடைசியில் ஒரு வலது அக்குள் அவள் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. நடுவில் காகிதக் கோப்பைகூட இல்லை.

“இருபத்து மூணு!” என்று கத்தியேவிட்டாள்.

மெத்தை திடுக்கிட்டது. “மூணாவது மாடின்னுதானே கடையில சொன்னாங்க? இருபத்து மூணெல்லாம் என்னால ஏற முடியாதுங்க.”

“மாடி இல்ல. நீங்க. வலது பக்கம்.”

மெத்தை லேசாக அவள் பக்கம் சாய்ந்தது. பிறகு, மெதுவாக: “மூணு தடவை மூச்சு இழுக்கிற மேடமா?”

அவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது. “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“திரைக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு வேற என்ன வேலை? முதல்ல வர்றவர் பெருமூச்சு விடுவாரு. ரெண்டாவது ஆள் மூச்சே இழுக்கிறதில்ல, சும்மா எழுதிட்டுப் போயிடறாரு. மூணாவது ஆளுக்கு இருமல். நாலாவது நீங்க. போயிட்டுத் திரும்பி வருவீங்க. என்கிட்ட யாரும் திரும்பி வந்ததில்லைங்க.”

“மெத்தையைக் கீழ வச்சுட்டுப் பேசலாமே.”

“வச்சா கையை இறக்கணும். இறக்கினா நீங்க போயிடுவீங்களோன்னு பார்க்கிறேன்.”

அதற்குள் அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். வந்த வேகத்திலேயே முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். “ஐயோ, என்னடி இது வாடை! கூரையே பிச்சுக்கிட்டுப் போயிடும் போலிருக்கு!” மெத்தைக்குக் கீழே கால்களைப் பார்த்த பிறகு குரலை இறக்கினாள். “உங்களைச் சொல்லல தம்பி, மெத்தையைச் சொன்னேன்.”

“மெத்தை புதுசும்மா. நான்தான் பழசு.”

மெத்தை உள்ளே போய்க் கட்டிலில் விழுந்தது. அதன் அடியிலிருந்து முதன்முதலாக ஒரு முகம் வெளிவந்தது. நாற்பதை நெருங்கிய, கொஞ்சம் காது பெரிய, சாதாரண முகம். அக்குள் அளவுக்கு முகம் இல்லை என்பதை அவள் நேர்மையாகவே மனதில் குறித்துக்கொண்டாள். கடை முதலாளிதான் வாடிக்கையாளர்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள் என்று சொல்லி அவரைத் தொழிற்சாலைக்கு அனுப்பினாராம். இலவசமாகக் குணமாகிவிடும் என்று நம்பிப் போனாராம்.

“பாதிதான் குணமாச்சு. அதனால எந்த வீட்டுக்குப் போனாலும் ஆளுங்களுக்கு இடது பக்கத்தைக் காட்டியே நிப்பேன். இங்க படியில திரும்பும்போது வலது பக்கம் வந்திருச்சு.”

“கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?” என்று அம்மா மூக்கைப் பொத்தியபடியே கேட்டாள். தாய்மனம் மூச்சுத் திணறினாலும் வேலை செய்யும்.

“இல்லம்மா. எப்பவும் இடது பக்கமே உட்கார ஒத்துக்கிற ஆள் கிடைக்கணுமே.”

அவர் போன பிறகு அம்மா எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தாள். கண்ணில் தண்ணீர் வடிந்தது. “நல்ல மனுஷன்தான். ஆனா மூக்கரசி, உன் கணக்குல அதுக்கு எட்டு போடலாம்டி.”

எட்டு. அவள் நடுக்கூடத்தில் நின்று மிச்சமிருந்த காற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். அம்மா சொன்னது சரி. சந்தேகமில்லாத எட்டு. அதே சமயம் ஜன்னலையெல்லாம் மூடிவிடலாம் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே மூக்கில், ஒரே மூச்சில். ஆறு வாரமாக வலிமைக்கான பத்தியில் தன் ஆசையை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வியாழக்கிழமை வந்தது. திரை, ஓட்டைகள், கைகள். அவரை இந்த முறை ஒன்பதாம் எண்ணாக்கியிருந்தார்கள். கோப்பையை நீட்டுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மூச்சு. முழங்கை மடிப்பு. இரண்டாம் மூச்சு. மேற்பார்வையாளர் அம்மாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மூச்சையும் இழுத்தாள். ஓட்டையில் தெரிந்த அக்குள் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிற அக்குளை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

பென்சில் பழக்கதோஷத்தில் இரண்டுக்கு வளைந்தது. அம்மாவின் கண்ணீரை நினைத்துக்கொண்டாள். வளைந்ததை அடித்துவிட்டு ‘8’ என்று எழுதினாள். மதிப்பீட்டாளர் சோதனைக்கு வந்தவரை அறிந்தவராயிருந்தால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது கையேட்டின் ஏழாம் விதி. அதற்காகக் குறிப்புப் பத்தியில், ‘இவரை எனக்குத் தெரியும். மெத்தை வாங்கினோம்’ என்றும் எழுதினாள்.

மற்ற மூவரின் சராசரி எட்டு. தேறிவிட்டாள். மேற்பார்வையாளர் அம்மாள் குறிப்பை இரண்டு தடவை படித்தார்.

“தெரியும்னா? எவ்வளவு தெரியும்?”

“வலது பக்கம் நல்லாத் தெரியும் மேடம். மத்ததெல்லாம் இனிமேதான்.”

விதிப்படி அவரைச் சோதனையிலிருந்து நீக்கினார்கள். வாசலில் ஒரு பெட்டி நிறைய மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பெட்டி இன்றும் அவர்கள் வீட்டில் பயன்படுகிறது. தினமும் இடது பக்கம் மட்டும் பூசிக்கொள்கிறார். சாப்பிட உட்காரும்போது இடது பக்கம் மாமியார், வலது பக்கம் மனைவி. இந்த ஏற்பாட்டில் இதுவரை ஒரு சச்சரவும் இல்லை.

பதினோரு ஆண்டுகளில் அவள் ஏறத்தாழ நாற்பதாயிரம் அக்குள்களை மோந்து பார்த்தாள். அவற்றில் ஒன்றுக்கு ஆறு வாரம் தவறான மதிப்பெண் போட்டாள், பிறகு திருத்தினாள், பிறகு அதற்கு உரியவரைக் கல்யாணம் செய்துகொண்டாள்.